மோசே நாடகம் மட்டும் வேண்டாம்

மரக்காணம்
13-3-2005, ஞாயிறு இரவு

சேசு மரி சூசை துணை

அன்புள்ள சிஸ்டர் அத்தைக்கு,

ஜெசிந்தா எழுதிக்கொள்வது. அப்பா, அம்மா, ஜான்சன், மெர்சி நாலு பேரும் சுகம். சார்லசுக்கு மூக்கு ஒழுகுகிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஓமலூரில் வெயில் ஏறிவிட்டதா? உங்கள் முட்டிவலி குறைந்ததா?

இதை அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எல்லோரும் தூங்குகிறார்கள். திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரிகிற சிவப்பு பல்பு வெளிச்சம்தான் இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

அத்தை, கிறிஸ்துமசுக்கு மறுநாள், கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் எங்கள் வீட்டில் இருந்தீர்கள். அப்பா கடலோரம் மீன் வாங்கப் பையை எடுத்துவிட்டார். நீங்கள்தான் "அதெல்லாம் அப்புறம், பூசைக்கு வாண்ணா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனீர்கள். அதனால்தான் இன்றைக்கு எங்களுக்கு அப்பா இருக்கிறார். நீங்கள் என்ன சொன்னாலும் அவருக்கு அது வேதவாக்கு. ஜனவரியில் நீங்கள் எழுதினீர்களே, "ஞாயிறை ஆண்டவருக்கும் ஓய்வுக்கும் உரிய நாளாகக் குடும்பத்தோடு அனுசரியுங்கள்" என்று, அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஊர் முழுக்கக் கறி வாசம் வரும். நாங்கள் சனிக்கிழமைச் சாம்பாரைச் சாப்பிடுவோம். டிவிக்குப் போர்வை போர்த்தியாகிவிட்டது. பெருக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, பேன் பார்க்கக் கூடாது. பூசை முடிந்து வந்ததும் சத்தமில்லாத ஓய்வு, பிறகு ஜெபமாலை, மறுபடியும் ஓய்வு. அப்பா ஓய்வெடுக்கிறார். அம்மா ஓய்வெடுக்கிறாள். தம்பிகள், தங்கை, சின்னதுகள் மூன்றும்தான் ஓய்வெடுக்க மாட்டேன் என்கின்றன. அவர்களை ஓய்வெடுக்க வைக்கிற வேலை என்னுடையது. வாரம் முழுக்க அந்த வேலை மாதிரிக் கஷ்டமான வேலை வேறு எதுவும் எனக்கு இல்லை.

"ஞாயித்துக்கிழமய கெடுத்தீங்கன்னா கடல் மறுபடி வரும். அப்ப ஓட எடம் இருக்காது" என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஜான்சனும் மெர்சியும் திங்கட்கிழமை காலையில் அதை மறந்துவிடுகிறார்கள். என்னால் முடியவில்லை. இன்றைக்கு மெர்சி ஓய்வு நேரத்தில் மூன்று தரம் பாட்டுப் பாடினாள். அதனால்தான் தூக்கம் வராமல் எழுதுகிறேன்.

பிள்ளைகளை எப்படி அடக்குவது என்று சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: ஞாயிறு கெட்டால் கடல் நிஜமாகவே மறுபடியும் வருமா? மடத்தில் இருப்பவர் நீங்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பதிலை வீட்டுக்கு எழுதிவிடாதீர்கள். என் சிநேகிதி ஆஸிஃபாவின் அத்தா அப்துல் லத்தீப் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடை விலாசத்தைப் பின்னால் எழுதியிருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

உங்கள் ஜெபத்தை எதிர்பார்க்கும்
ஜெசிந்தா

*

ஓமலூர்
27-3-2005

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் இல்லத்தில் நிலவுவதாக. மடத்தில் அனைவரும் நலம். என் முட்டிவலி ஆண்டவருக்கு நான் தரும் சிறு காணிக்கை. சார்லசுக்குத் துளசியும் கற்பூரவல்லியும் கொடுக்கச் சொல்.

குழந்தைகளின் உள்ளம் இயல்பாகவே அமைதியை விரும்புவது. நாம்தான் அதைக் கண்டுகொள்வதில்லை. பூசையில் பின்னால் நிற்பதால் அவர்களுக்குப் பீடம் தெரிவதில்லை, ஆகவே விளையாடுகிறார்கள். முதல் வரிசையில் உட்கார வை. வீட்டில், யார் அதிக நேரம் பேசாமல் இருப்பது என்று ஒரு மௌனப் போட்டி வை. வென்றவருக்கு ஒரு புனிதர் படம் பரிசு. படங்கள் இதனுடன் உள்ளன. இதை நான் நேரில் செய்து பார்த்ததில்லை, ஆனால் ஒரு நூலில் வாசித்திருக்கிறேன்.

சின்னப் பிள்ளைகளோடு இருக்கும் ஞாயிறு எத்தனை இனிமையானது! உன்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

என்றும் ஜெபிக்கும்
அத்தை, சிஸ்டர் அமலோற்பவம்

*

மரக்காணம்
10-4-2005, ஞாயிறு இரவு

அன்புள்ள சிஸ்டர் அத்தைக்கு,

படங்களோடு வந்த கடிதம் கிடைத்தது. சார்லசின் மூக்கு நின்றுவிட்டது. இப்போது மெர்சிக்கு ஒழுகுகிறது. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைவலி வருகிறது. "கறி வாசத்துலதான்டி வருது இந்த வலி" என்கிறாள்.

நீங்கள் சொன்னபடி முதல் வரிசையில் உட்கார்ந்தோம். பீடம் நன்றாகத் தெரிந்தது. அதனால் சார்லஸ் தவழ்ந்து அங்கே போய்விட்டான். சாமியார் நற்கருணை அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது மணி அடித்ததும் கைதட்டினான். நான் குனிந்து அவனைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் மெர்சி சத்தமாக, "ஃபாதரு மட்டும் தனியா சாப்புடுறாரு, நமக்குக் குடுக்கல" என்றாள். பின்னாலிருந்த பெண்கள் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். அப்பாவின் காது சிவந்துவிட்டது.

மௌனப் போட்டியும் வைத்தேன். ஜான்சன் ஜெயித்தான். நான் அறைக்குள் பாய் விரித்துக்கொண்டிருந்தபோது சார்லஸ் அப்பாவின் ஜெபமாலையை அறுத்து ஒரு மணியை விழுங்கியிருக்கிறான். ஜான்சன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஏன்டா கூப்பிடவில்லை என்றால், "பேசுனா தோத்துடுவேனே?" என்கிறான். அன்று மாலை ஜெபமாலை ஒரு மணி குறைவாகத்தான் ஓடியது. செவ்வாய்க்கிழமை மணி கிடைத்துவிட்டது. அம்மா கழுவிக் கோத்து வைத்துவிட்டாள். எந்த மணி என்று அப்பாவுக்குத் தெரியாது. அவர் எல்லா மணியையும் முத்தம் செய்கிறார்.

அத்தை, போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். நீங்கள் மறந்திருப்பீர்கள். ஞாயிறு கெட்டால் கடல் வருமா? இரவில் எல்லாச் சத்தமும் அடங்கின பிறகு இங்கே அலைச் சத்தம் கேட்கிறது. முன்பெல்லாம் இத்தனை தெளிவாகக் கேட்குமா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

ஆஸிஃபாவிடம் எங்கள் ஞாயிற்றைப் பற்றிச் சொன்னேன். "எங்களுக்கு வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் அத்தா கடையத் தொறந்துடுவாரு, வீட்ல பிரியாணி. உங்க அப்பாவுக்கு யாராச்சும் எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்றாள்.

பயத்துடன்,
ஜெசிந்தா

*

ஓமலூர்
24-4-2005

அன்பு ஜெசிந்தா,

அந்த மணி கிடைத்ததற்கு ஆண்டவருக்கு நன்றி. மெர்சிக்கு ஆவி பிடிக்கச் சொல். அண்ணிக்கு என் ஆறுதலைச் சொல்ல ஆசை. ஆனால் நீ எழுதியது அவருக்குத் தெரியாதே.

நன்றாக யோசித்தேன். அமைதியாக இருக்கச் சொன்னால் குழந்தைகள் கேட்பதில்லை. கைக்கும் காலுக்கும் வேலை வேண்டும். ஆனால் அது வழிபாடாகவும் இருக்க வேண்டும். ஆகவே வேதாகமக் கதைகளை நடித்துக் காட்டச் செய். அப்பா மறுக்க மாட்டார். ஜான்சன் ஆண்பிள்ளை, அவனுக்குப் பெரிய வேடங்களைக் கொடு.

இங்கே விடுதிச் சிறு பிள்ளைகளை ஞாயிறுதோறும் கவனித்து வந்த அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பதினோரு பேர். யார் பார்த்துக்கொள்வீர்கள் என்று மதர் கேட்டபோது நானே கை தூக்கினேன். உனக்கு ஆலோசனை சொல்கிற எனக்கு அது கடினமா என்ன? அடுத்த ஞாயிறு தொடங்குகிறேன். மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன்.

அத்தை

*

மரக்காணம்
8-5-2005, ஞாயிறு இரவு

அன்புள்ள சிஸ்டர் அத்தைக்கு,

வீட்டில் எல்லோருக்கும் நல்ல சுகம், அம்மாவுக்கும்கூட. லீவு விட்டாகிவிட்டது. பதினோரு பேரும் சுகமா?

நாடக யோசனை நன்றாக வேலை செய்கிறது! இன்றைக்கு நோவா பேழை. ஜான்சன் நோவா. கட்டில்தான் பேழை. பக்கத்து வீட்டுக் கொளஞ்சி அக்காவின் கோழிகளை ஜோடி ஜோடியாகக் கட்டிலுக்கு அடியில் விட்டான். வெள்ளாடு ஒன்றுதான் கிடைத்தது, அதற்கு ஜோடி இல்லை. மெர்சி நாலு காலில் நின்று ஜோடியானாள். ஆடு பாட்டுப் புத்தகத்தில் தவக்காலப் பாடல்களை மட்டும் தின்றுவிட்டது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "பாரு சவரி, புள்ளைங்க ஞாயித்துக்கிழமைல வேதம் படிக்கிறாங்க" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா, "ஆமா, வேதம் கட்டில் கீழ முட்ட போட்டிருக்குது, போய்ப் பாருங்க" என்றாள். அப்பா சிரித்தார். கடல் வந்ததற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

அடுத்தது மோசே செங்கடலைப் பிளக்கும் கதை வேண்டும் என்று ஜான்சன் இப்போதே கம்பு தேடிக்கொண்டிருக்கிறான்.

நான் கேட்டதற்குப் பதில் இன்னும் எழுதவில்லை. பரவாயில்லை, நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.

ஜெசிந்தா

*

ஓமலூர்
16-5-2005
(போஸ்ட் கார்டு)

ஜெசி, அவசரம். சுகம். மோசே நாடகம் மட்டும் வேண்டாம். நேற்று இங்கே போட்டோம். நான் ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துத் திரும்புவதற்குள் மோசே தண்ணீர்த் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டான். மதரின் அறையில் கணுக்கால் அளவு செங்கடல். மதர் அப்போது முழங்காலில் நின்று ஜெபத்தில் இருந்தார். ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் கதையும் வேண்டாம், கத்தி தேடுகிறார்கள். யோனா மட்டும் பரவாயில்லை, மீன் வயிறு என்று போர்வைக்குள் கிடப்பான். யாரோ அழுகிறார்கள், போகிறேன். அத்தை.

*

மரக்காணம்
24-5-2005, செவ்வாய் இரவு

அன்புள்ள சிஸ்டர் அத்தைக்கு,

உங்கள் போஸ்ட் கார்டு இன்றைக்கு வந்தது. லத்தீப் மாமாவும் படித்திருக்கிறார். "மூஸா நபி கதையாம்மா? எங்களுக்கும் உண்டு, நல்ல கதை" என்று கொடுத்தார். மோசே நாடகம் முந்தாநாளே போட்டாகிவிட்டது.

எல்லோருக்கும் சுகமா என்று கேட்காதீர்கள். உடம்பு எல்லோருக்கும் சுகம்தான்.

ஞாயிறு மத்தியானம் அப்பாவும் அம்மாவும் தூங்கினார்கள். வீட்டுக்குப் பின்னால்தான் அப்பா குத்தகைக்கு எடுத்திருக்கும் உப்புப் பாத்திகள். செங்கடலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஜான்சன் எங்களை அங்கே கூட்டிப்போனான். எனக்கு, அவர்களைத் துரத்துகிற ராஜா பார்வோன் வேஷம். "நீ அரண்மனையில தூங்கணும். நாங்க தப்பிச்சி ரொம்ப தூரம் போனப்புறம்தான் முழிக்கணும்" என்றான். நான் சார்லசை மடியில் போட்டுக்கொண்டு கொட்டகை நிழலில் கண்ணை மூடினேன். அத்தை, நடிப்பதற்குத்தான் மூடினேன். எத்தனையோ ஞாயிறுக்குப் பிறகு கிடைத்த நிழல். நிஜமாகவே தூங்கிவிட்டேன்.

ஜான்சன் கம்பால் தண்ணீரை அடித்திருக்கிறான். பிளக்கவில்லை. ஆகவே கொட்டகையிலிருந்து களைக்கொட்டை எடுத்து வரப்பைப் பிளந்திருக்கிறான். எங்கள் பெரிய பாத்தியில் இருந்தது சனிக்கிழமை இறைத்து விட்ட புதுத் தண்ணீர். வரப்புக்கு அந்தப் பக்கம் கன்னியப்பன் மாமாவின் பாத்தி, உப்பு வெள்ளையாகக் கட்டி, மறுநாள் வாரத் தயாராக இருந்தது. புதுத் தண்ணீர் பாய்ந்தால் கட்டின உப்பு கரைந்துவிடும். நான் விழித்தபோது எங்கள் பாத்தியில் சேறு தெரிந்தது. மெர்சி அதில் நடந்து, "தப்பிச்சிட்டோம்! தப்பிச்சிட்டோம்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் உப்பே இல்லை.

கையால் சேற்றை அள்ளி வரப்பை அடைத்தேன். பிள்ளைகளைக் கழுவினேன். மூன்று பேரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். சார்லசுக்குப் பேச்சு வராது, இருந்தாலும் வாங்கினேன்.

நேற்று காலை கன்னியப்பன் மாமா வாசலில் வந்து நின்றார். அப்பாவும் அவரும் சின்ன வயதிலிருந்து ஒன்றாக உப்பு வாருகிறவர்கள்.

"ஏம்பா சூசை, எம்மேல ஏதாச்சும் கோவம்னா நேரா சொல்றதுதானே? வரப்ப வெட்டி உட்டா ஆம்பளத்தனமா?"

"நானா? ஞாயித்துக்கிழமைல நான் துரும்பக்கூடத் தொடமாட்டேன். ஊருக்கே தெரியும்."

"அதான்பா. ஊருக்கே தெரியும்னுதான் அன்னிக்குப் பாத்து வெட்டியிருக்கிற."

அப்பாவுக்கு அந்த வார்த்தை தாங்கவில்லை. இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்தால் கடல் வரும் என்றாரே, இதைவிட ஒரு ஞாயிற்றை யாராவது கெடுக்க முடியுமா? கடலையே பிளந்து விளையாடியிருக்கிறார்கள். நான் தூங்கியிருக்கிறேன். வருமா, வராதா, ஒரே வார்த்தை எழுதுங்கள். போஸ்ட் கார்டு வேண்டாம்.

ஜெசிந்தா

*

மரக்காணம்
12-6-2005, ஞாயிறு இரவு

அன்புள்ள சிஸ்டர் அத்தைக்கு,

பதில் வரவில்லை. சுகமாக இருக்கிறீர்களா? பதினோரு பேரும் சுகமா? பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான் தினமும் லத்தீப் மாமா கடைக்குப் போய் நிற்கிறேன். ஒன்றும் வாங்காமல் நிற்பதால் அவர் எனக்கு ஒரு கமர்கட்டு கொடுத்து அனுப்புகிறார்.

இங்கே விஷயம் பெரிதாகிவிட்டது. கன்னியப்பன் மாமா, "மாரியம்மன் கோயில்ல கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணு, நம்புறேன்" என்றார். அப்பா, "நான் என் கோயில்லதான் பண்ணுவேன், அதுவும் ஞாயித்துக்கிழமைல பண்ணுவேன்" என்றார். ஊர்ப் பெரியவர்கள் நாள் குறித்துவிட்டார்கள். 26-ஆம் தேதி பூசை முடிந்ததும் நம் கோயில் கொடிமரத்தடியில் அப்பா சத்தியம் செய்யப்போகிறார். "என் வீட்டுக் கை எதுவும் அந்த வரப்புல படல" என்று. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறார். ஜான்சனும் பக்கத்தில் நின்று அதையே சொல்லிப் பழகுகிறான்!

அப்பாவுக்குத் தெரியாது. தெரியாமலே பொய்ச்சத்தியம் பண்ணப்போகிறார், கொடிமரத்துச் சிலுவைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை. சொன்னால் என்னைக் கொன்றுவிடுவார். சொல்லாவிட்டால் கடல் வந்து எல்லோரையும் கொண்டுபோகும். மூன்று தரம் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்று வந்துவிட்டேன்.

நீங்கள் அப்பாவுக்கு எழுதிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

ஜெசிந்தா

*

ஓமலூர்
19-6-2005

அன்புள்ள ஜெசி,

நலமா என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. உன் மே மாதக் கடிதம் கையில் இருந்தும் இத்தனை நாள் எழுதவில்லை. நேரமில்லை என்று சொன்னால் பாதி உண்மை. ஞாயிறு மாலைகளில் நான் எழுந்து நிற்கிற நிலையில் இல்லை. சென்ற வாரம் பூசையில் ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பிரசங்கம் முழுக்கத் தூங்கினேன். உன்மேல் பொறாமையாக இருக்கிறது என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

மீதிப் பாதி இது. நீ கேட்ட கேள்வியை ஒவ்வொரு கடிதத்திலும் படித்தேன். பதில் எனக்குத் தெரியாது. முக்காடு போட்டுக்கொண்டு தெரியாது என்று எழுத வெட்கமாக இருந்தது. மௌனப் போட்டியைப் பற்றி எழுதுவது சுலபமாக இருந்தது.

உன் அப்பாவும் இதே கேள்வியைத்தான் ஜனவரியில் எனக்கு எழுதிக் கேட்டார். "தங்கச்சி, மறுபடியும் வருமா? ராத்திரி தூக்கம் இல்லை, பிள்ளைகளை எண்ணிக்கொண்டே படுத்திருக்கிறேன்" என்று. அவருக்கும் தெரியாது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஞாயிறை அனுசரியுங்கள் என்று எழுதினேன். நல்ல விஷயம்தானே என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. இரண்டையும் அவர் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

அன்று அவரைப் பூசைக்கு இழுத்துப் போனேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். என் பக்தி அல்ல அது. உங்கள் கோயில் சாமியாருக்கு மடத்திலிருந்து கொண்டுவந்த கேக் பெட்டி கனமாக இருந்தது. தூக்க ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஆண்டவர் இருந்தாரா என்றால், இருந்திருக்கலாம். எனக்கு அன்று தெரிந்தது கேக் மட்டும்தான்.

அண்ணனுக்கு எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்தேன், ஒன்றையும் அனுப்பவில்லை. நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. இதுவரை நான் சொன்ன யோசனைகள் என்ன ஆயின என்று நமக்குத் தெரியும். அவரும் உன்னைப் போலப் பயந்துபோயிருக்கிறார். அது மட்டும் நிச்சயமாகத் தெரியும், அதை உனக்கு எழுதிவிட்டேன்.

அமலோற்பவம் அத்தை

*

மரக்காணம்
3-7-2005, ஞாயிறு இரவு

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் சுகம். நான் வழக்கமாகச் சுகம் என்று போடுகிற சுகம் இல்லை, நிஜமான சுகம். உங்கள் முட்டிக்கு லத்தீப் மாமா ஒரு தைலம் சொன்னார், பெயரைப் பின்னால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை, சத்தியத்துக்கு முந்தின நாள் வந்தது. கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன். அப்பா பிள்ளைகளை எண்ணுகிறார் என்ற இடத்தை மட்டும் மூன்றாவது தரமும் படித்தேன். அன்று ராத்திரியே அவரிடம் சொல்லிவிட நினைத்தேன். அவர் வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். முடியவில்லை.

மறுநாள் பூசை முடிந்து எல்லோரும் கொடிமரத்தடிக்கு வந்தோம். இந்தச் சத்தியத்துக்கெல்லாம் நான் வரமாட்டேன் என்று சொன்ன சாமியார் தன் அறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். கன்னியப்பன் மாமா தன் ஆட்களோடு வந்தார். கையில் பொட்டலம்.

"கற்பூரம் எடுத்தாந்திருக்கேன்பா. உன் சாமி கோவிச்சிக்காதுன்னா ஏத்திக்கலாம்."

"எங்களுக்கு மெழுகுவத்தி போதும்."

"காத்துல அணையுமே?"

"அணைஞ்சா திரும்பப் பத்த வைப்பேன்."

அப்பா மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்றில் அணையாமல் சுடரை இன்னொரு கையால் மறைத்துக்கொண்டார். "இந்தக் குருசு சாட்சியா சொல்றேன். என் வீட்டுக் கை..."

"அப்பா, சொல்லாதீங்க!"

அது என் குரல்தான் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. எல்லோரும் திரும்பினார்கள். அம்மா என் தோளைப் பிடித்தாள். அதற்குமேல் எனக்கு அழுகைதான் வந்தது. அப்பா, "யாரு வெட்டுனது, ஜெசி?" என்று கேட்டார், மெதுவாக.

"நான்தான்" என்றான் ஜான்சன். "நான் மோசே."

"எந்த மோசே?" என்றார் கன்னியப்பன் மாமா. "பஜார்ல டெய்லர் மவனா? அவனுக்கும் எனக்கும் என்னடா பக?"

"கம்பால அடிச்சேன் மாமா, பொளக்கல. அப்புறம் களக்கொட்டால பொளந்தேன். மெர்சி நடந்து போனா. எல்லாரும் தப்பிச்சிட்டோம். அக்கா பார்வோனு, தூங்கிடுச்சி."

ஜன்னலில் சாமியாரின் தலையைக் காணோம். சிரிப்பதற்கு உட்கார்ந்துவிட்டார் என்று பிறகு கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை சொன்னார். கன்னியப்பன் மாமா பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். "ஏம்பா சூசை, என் உப்ப யாருகிட்டப்பா கேக்குறது? பார்வோனுகிட்டயா, மோசேகிட்டயா?"

"என்கிட்ட கேளுடா" என்றார் அப்பா. மெழுகுவத்தியை ஊதி அணைத்தார்.

அடி விழும் என்று காத்திருந்தேன். அப்பா வீட்டுக்கு வந்து, இஸ்திரி போட்ட வேட்டியை அவிழ்த்துவிட்டு, மண்வெட்டியை எடுத்தார். அம்மா, "ஞாயித்துக்கிழமைங்க" என்றாள். "தெரியுது. நீ அடுப்பப் பத்த வை. கன்னியப்பன் இங்கதான் சாப்புடுவான். கறி எடுத்தா" என்றார். அம்மா பையை எடுத்துக்கொண்டு ஓடின வேகத்தில் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள்.

நான் அன்று அரைகுறையாக அடைத்த வரப்பை அப்பாவும் கன்னியப்பன் மாமாவும் ஒழுங்காகக் கட்டினார்கள், நானும் சேறு அள்ளிக் கொடுத்தேன். கன்னியப்பன் மாமா தள்ளிப்போனதும் அப்பா, "ஏன் சொல்லல?" என்று கேட்டார். நீங்கள் எழுதியதைச் சொல்லவில்லை. கேக்கையும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழம கெட்டா கடல் வரும்னு சொன்னீங்களே" என்றேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அத நெனச்சிக்கிட்டா இருந்த, இத்தன நாளா?"

"ராத்திரில சத்தம் கேக்குதுப்பா."

"எனக்கும் கேக்குது" என்றார். பிறகு நிறைய நேரம் மண் வெட்டினார்.

சட்டம் போட்டு மாட்டியிருந்த உங்கள் கடிதம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்குப் பூசை முடிந்ததும், "ஜெசிக்குத்தான் இன்னிக்கு ஓய்வு, புள்ளைங்கள நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டார். நான் சாயங்காலம் வரை தூங்கினேன். எழுந்து பார்த்தபோது அப்பா சட்டையெல்லாம் விபூதி பூசின மாதிரி மாவோடு உட்கார்ந்திருந்தார். ஏதோ வானத்திலிருந்து அப்பம் பெய்கிற மன்னா மழை நாடகமாம். "நாளைக்கு விடிஞ்சதும் உப்பளத்துக்குப் போயிடணும் சவரி, அங்க போனாத்தான் கொஞ்சம் ஒக்கார முடியும்" என்றார்.

பிறகு எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். டிசம்பருக்குப் பிறகு நாங்கள் அந்தப் பக்கம் போனதே இல்லை. சார்லசின் இடுப்பில் துண்டைக் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். ஜான்சன் அலைக்கு முன்னால் நின்று கம்பை நீட்டினான். பிளக்கவில்லை. யாருக்கும் ஏமாற்றம் இல்லை. அம்மா சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தாள். கடல் வந்தது, போனது, வந்தது, போனது.

"பயமா இருக்குதா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லப்பா."

"எனக்கும் இல்ல" என்றார்.

மணலில் உட்கார்ந்தும் அவர் செருப்பைக் கழற்றவில்லை, அத்தை. எழுந்து ஓட வசதியாகக் காலை மடித்து வைத்திருந்தார். நான் பார்த்தேன். நானும் கழற்றவில்லை.

உங்கள் பதினோரு பேருக்கும் என் முத்தங்கள்.

ஜெசிந்தா